குடும்ப வண்டியின் இழுவையியல்: ஆனேக்கல் வட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வு நோக்கம்: ஏழு பேர் அமரும் குடும்பக் காருக்குப் பின்னால் கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் அடங்கிய பயண டிரெய்லர் ஒன்றைக் கட்டி, ஆனேக்கல்லிலிருந்து ஏற்காடு வரை இழுத்துப் போக முடியுமா என ஆராய்தல்.

ஆய்வு எல்லை: வடக்கே பொம்மசந்திரா, மேற்கே பன்னேருகட்டா காடு, தெற்கே அத்திப்பள்ளி சுங்கச்சாவடி, கிழக்கே சர்ஜாபுராவில் நெரிசல் எதுவரை விடுகிறதோ அதுவரை.

கருதுகோள்: முடியும் என்று மச்சான் நம்புகிறார்.

இப்பொருள் குறித்து இதுவரை எவரும் ஆய்ந்திலர். முனைவர் பட்ட நெறிப்படி இதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும், சொல்லியாயிற்று. ஏன் எவரும் ஆயவில்லை என்னும் கேள்வி இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

முன்னோர் கருத்து. எந்தத் தலைப்பானாலும் சங்க இலக்கியத்திலிருந்து தொடங்காத ஆய்வுக்குக் கையெழுத்துப் போடும் நெறியாளர் இன்னும் பிறக்கவில்லை. நல்ல வேளையாக, இதற்கு உண்மையாகவே அங்கே இடமிருக்கிறது. புறநானூற்று 102ஆம் பாட்டில் ஔவையார் காட்டும் உப்பு வணிகராகிய உமணர், மேடும் பள்ளமுமான வழியில் என்ன நேருமோ என்று அஞ்சி, வண்டியின் அடியில் உபரியாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அந்த அச்சுக்கு அவர்கள் வைத்த பெயர் சேம அச்சு. இன்று எட்டு ஆள் சம்பளத்துக்குக் கார் விற்று, டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பதில் பஞ்சர் ஒட்டும் டப்பா வைத்து அனுப்புகிறார்களே, அவர்களை உமணர் தம் கூட்டத்தில் சேர்த்திருக்க மாட்டார்கள் என்க.

அடுத்து வள்ளுவர். வலியறிதல் அதிகாரத்தில் 475ஆம் குறள், மயிற்பீலியே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் வந்தது; சரக்கு அளவு பற்றிய கருத்து அதற்கு வெகுகாலம் முன்னரே வந்துவிட்டது. பரிமேலழகர் இதைப் பிறிதுமொழிதல் என்று கொண்டு, எளியவர்தாமே என்று பலரோடு பகைகொள்பவனுக்குச் சொன்ன எச்சரிக்கை என்று பொருள் சொன்னார். அணியிலக்கணத்தில் அவரை மறுக்க நமக்குத் தகுதியில்லை. ஆனால் ஓசூர் சாலையில் அச்சு முறிந்து நிற்கும் வண்டியின் ஓட்டுநரிடம் போய், ஐயா இது பிறிதுமொழிதல், உம் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிப் பார்த்தவர் எவருமிலர். குறளை நேர்ப்பொருளில் படித்த ஒரே வகுப்பார் லாரி உரிமையாளர்கள். அவர்களும் படித்துவிட்டு, ஏற்றத்தான் ஏற்றுகிறார்கள்.

இனி வகைப்பாடு. ஆனேக்கல் வட்டத்தில் இழுப்பன நான்கு.

மாடு: குறைந்து வருகிறது.

ஜேசிபி: எதையும் இழுக்கும், ஆகவே ஆய்வுக்கு உதவாது.

டிராக்டர்: இவ்வட்டத்தின் மெய்யான இழுவை நாயகன் இதுவே. பின்னால் தண்ணீர்த் தொட்டி. 6,000 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டும் 6 டன். 2024ஆம் ஆண்டுத் தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது மார்ச் மாதம் பெங்களூரு நகர மாவட்ட நிர்வாகம் டேங்கர் விலையை வரையறுத்தது: 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய். ஆக, ஒரு டன்னை 5 கிலோமீட்டர் இழுத்து வர, தண்ணீர் விலையும் சேர்த்து, 100 ரூபாய். இழுவைக்கு அரசே விலை எழுதிக் கொடுத்த இத்தகைய ஆவணம் கிடைத்திருக்க, ஆய்வாளர்கள் இன்னமும் கல்வெட்டுகளைத் தேடி அலைவது வியப்பே.

டிராக்டரைப் பற்றி ஒன்று கவனிக்க: அது மெதுவாகப் போகிறது. இதை அதன் குறையாகக் கருதுவோர் உளர். அது பொருந்தாது. ஏன் என்பது பின்னர்ப் பெறப்படும்.

ஹுஸ்கூர் மத்தூரம்மா திருவிழாவைச் சொல்லாமல் இவ்வட்டத்தின் இழுவையியல் நிறைவுறாது. சுற்று ஊர்கள் 100 அடிக்கும் மேல் உயரமான தேர்களைக் கட்டி, மாட்டு ஜோடிகளாலும் இப்போது டிராக்டர்களாலும் ஜேசிபிகளாலும் இழுத்துக் கோயிலுக்குக் கொண்டுவருகின்றன. 2024இலும் 2025இலும் தேர்கள் சாய்ந்தன. 2025 மார்ச்சில் மழைக்காற்றில் சாய்ந்தபோது உயிர்கள் போயின. இவ்விடத்தில் நையாண்டிக்கு வேலையில்லை. உயரமும் காற்றும் சேர்ந்தால் முன்னால் இழுப்பது எத்தனை குதிரைத்திறன் என்பது ஒரு பொருட்டே அல்ல என்பதை மட்டும் குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

நான்காவது இழுப்பான், குடும்பக் கார். இதன் ஆற்றலை அறியும் வழி பற்றியே அறிஞரிடையே பெருங்கருத்து வேறுபாடு. இங்கே விற்கும் பல குடும்பக் கார்களின் கையேட்டில் இழுவை எடை என்று ஓர் எண்ணே இராது. சிலவற்றில் டிரெய்லர் கட்டாதே என்று நேரடியாகவே போட்டிருப்பார்கள். ஆயினும் கையேட்டை மூலநூலாகக் கொள்ளும் மரபு நம்மிடம் இல்லை. வாய்மொழி மரபே வலிது. அதன் மூலபாடம் ஒரே சொல்: ‘இழுக்கும்.’ இதற்குப் பாடபேதங்கள் உள.

ஷோரூம் பாடம்: ‘தாராளமா இழுக்கும் சார்.’ (விற்பனையாளர், நின்றபடி, ஒரு கையில் முன்பதிவுப் படிவம்.) இதில் ‘தாராளமா’ என்பது இடைச்செருகல் என்பர்.

மெக்கானிக் பாடம்: ‘இழுக்கும்ணா, கிளட்ச் மட்டும் பாத்துக்கணும்.’ (சந்தாபுரா, வண்டிக்கு அடியிலிருந்து, சொன்னவர் முகம் கிடைக்கவில்லை, கால்கள் மட்டும்.) இப்பாடத்தில் மட்டுமே ஒரு நிபந்தனை காணப்படுவதால், தொன்மையானதும் நம்பத்தக்கதும் இதுவே.

டீக்கடைப் பாடம்: ‘இழுக்காம என்னா? நம்மாளு ஒருத்தன் லாரியையே கட்டி இழுத்தான்.’ (அத்திப்பள்ளி, உட்கார்ந்தபடி, அதே செய்தி ஜிகணியில், நின்றபடி, லாரி சரக்கோடு இருந்ததாக, அதே செய்தி ஓசூரில், லாரி ஏற்றத்தில் நின்றதாக.) நம்மாளை நேரில் கண்டவர் எவரும் இலர். ஒவ்வொருவரும் மற்றவர் சொல்லக் கேட்டதாகவே சொல்கின்றனர். கருத்தரங்க மலர்களில் ஐந்து பேர் ஒருவர் கட்டுரையிலிருந்து ஒருவர் மேற்கோள் எடுத்து, கடைசியில் முதலாமவரே ஐந்தாமவரைச் சான்று காட்டி முடிப்பதைக் கண்டவர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. டீக்கடைக்காரர்கள் அதற்குப் பயணப்படி வாங்குவதில்லை என்பதே வேறுபாடு.

மச்சான் பாடம்: ‘ஏன் மாமா இழுக்காது?’

இதுவே ஆய்வுக்கு மிகக் கடினமான பாடம். மற்றவை உறுதி கூறுகின்றன, இது வினவுகிறது. இழுக்கும் என்று மச்சான் எங்கும் சொல்லவே இல்லை என்பதை நோக்குக. இழுக்காது என்று நிறுவும் பொறுப்பு மாமாவின் தலையில் விழுந்துவிட்டது. மாமாவுக்கோ இயற்பியல் பத்தாம் வகுப்போடு சரி. ‘ஏன்’ என்பதை அழுத்தினால் ஆராய்ச்சி, ‘மாமா’வை அழுத்தினால் ஏளனம், ‘இழுக்காது’ என்பதை அழுத்தினால் அடுத்த வாரமே டிரெய்லர் வீட்டு வாசலில் நிற்கும் என மூன்று பொருள் கொள்வர் பின்சீட்டு உரைகாரர். (அத்தை, பின்சீட்டின் இடப்புறம், முறுக்கு மென்றவாறு, அதற்குச் சித்தப்பாவின் மறுப்பு, மூன்றாம் வரிசையிலிருந்து, முழங்கால் தாடையில் இடிக்க, அம்மறுப்புக்குச் சித்தியின் மறுப்பு, உறக்கத்தில், இவ்விவாதத்தின் எஞ்சிய பகுதி கிடைத்திலது, அதற்குள் கிருஷ்ணகிரி வந்துவிட்டது.) டார்க்கே முதன்மை என்பார் ஒரு சாராரும் குதிரைத்திறனே முதன்மை என்பார் ஒரு சாராருமாக மச்சான் ஒருவரே இரு சாராராகவும் இருந்தார் என்பதற்கு அகச்சான்று உண்டு. (மச்சான், டீசல் கார் வாங்கும் முன், மச்சான், பெட்ரோல் கார் வாங்கிய பின்.)

இனிக் கணக்கு. இது வறண்ட பகுதி, தேர்வுக்கு வராது, ஆனால் வண்டிக்கு வரும். ஒரு காரின் வெறும் எடை 1,700 கிலோ, ஆளும் சரக்கும் சேர்த்து அது தாங்கக்கூடிய உச்ச மொத்த எடை 2,300 கிலோ என்று கொள்வோம். இடைவெளி 600. ஏழு பேர், ஆளுக்கு 65 கிலோ: 455. மீதி 145. டிரெய்லர் 1,000 கிலோ. பின்னால் வருகிற பாரம் பின்னாலேயேதான் இருக்கும் என்பது பலர் எண்ணம். அன்று. டிரெய்லரின் மூக்கு, காரின் கொக்கியில் அமுங்கி நிற்கும். டிரெய்லர் வழக்கம் வேரூன்றிய அமெரிக்காவில், மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு அங்கே அமுங்கியிருக்க வேண்டும் என்பார்கள். குறைந்தால் டிரெய்லர் வேகத்தில் வலமும் இடமுமாக வாலாட்டத் தொடங்கும். பின்பக்கம் கனமாக ஏற்றியவர்கள் இதை முதலில் காண்பார்கள். ஆக 100 முதல் 150 கிலோ. 145இல் அது போனால் மிச்சம் என்ன? பெட்டி இல்லை, தண்ணீர்க் கேன் இல்லை, புளியோதரைத் தூக்கு இல்லை. புளியோதரை இல்லாத ஏற்காட்டுப் பயணத்துக்கு முன்மாதிரி எதுவும் கிடைத்திலது.

மேலே கேரியரில் கட்டலாமே எனின், பெரும்பாலான கார்களின் கூரை தாங்குவது 50 முதல் 75 கிலோ. அதுவும் அதே 600க்குள் அடக்கம். கூரைக்கென்று தனிக் கணக்கு இருப்பதாக நம்புவது பரவலான மூடநம்பிக்கை.

இப்போது மூலக் கேள்விக்கு வருவோம். ஆனேக்கல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300க்கும் கீழே. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர் கணவாய் என்று வழியெல்லாம் மொத்தத்தில் இறக்கமே. அதாவது, சேலம் வரை போகும்போது வண்டி இழுக்க வேண்டியதே பெரிதாக இல்லை, பூமி இழுத்துக்கொள்ளும். நூற்றாண்டுகளாக (அல்லது மச்சான் வந்த நாளாக) நாம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே தவறு. கார் 2,300, டிரெய்லர் 1,000, மொத்தம் 3,300 கிலோ 600 மீட்டர் இறங்கும்போது விடுபடும் ஆற்றலைக் கொண்டு 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடலாம். காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். எஞ்சியதை எஞ்சினும் பிரேக்கும்தான் வாங்க வேண்டும். தொப்பூரில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கிய லாரிகளுக்கு என்ன ஆனது என்பது எல்லோரும் அறிந்தது. காரின் பிரேக் காரின் உச்ச எடையை நிறுத்தச் செய்யப்பட்டது. ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் என்று வைத்திருப்பது இதனால்தான். டிராக்டர் மெதுவாகப் போவதன் அறிவும் இங்கே பெறப்பட்டது.

சேலத்துக்கு அப்பால் ஏற்காட்டுச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. முதல் வளைவிலேயே டிரெய்லரைப் பின்னுக்கு எடுக்க வேண்டி வந்தால் பின்னால் நிற்கும் அரசுப் பேருந்து நடத்துநர் என்ன சொல்வார் என்பதை ஆய்வு நெறி கருதி இங்கே எழுதவில்லை.

முடிபு: ஏழு பேர் ஏறிய காருக்கு 1,000 கிலோ டிரெய்லர் கூடாது. நான்கு பேரோடு, தனி பிரேக் உள்ள சிறிய டிரெய்லர் என்றால், கையேடு அனுமதித்தால் மட்டும், பேசலாம். மற்றவர்கள் ஏற்காட்டில் அறை எடுத்துத் தங்கிவிடுங்கள்.

டிரெய்லரே இல்லாமல் பொங்கலுக்கு ஊர் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைப் பக்கம் லாரிகளை எடை போடும் மேடைகள் இருக்கின்றன. புறப்படும் நாளில் ஏழு பேரும் ஏறி, தேங்காய் மூட்டையும் கேரியரும் சேர்த்து, அங்கே ஒருமுறை ஏற்றி இறக்குங்கள். வரும் எடைச்சீட்டை மச்சான் கையில் கொடுங்கள். அதை அவர் சத்தமாகப் படித்து முடிக்கும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள்.