சாரல் காலத்தில் துண்டு காய்தல்: ஒரு முன்னோடி ஆய்வு

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசியில் துவைத்த துணி காய்வதில்லை. ஊரறிந்த இவ்வுண்மையை எந்தப் பல்கலைக்கழகமும் முனைவர் பட்டத்துக்கு உகந்ததாகக் கருதியதாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக, செங்கோட்டையைத் தாண்டிக் கொண்டுவருவது சாரல். மழையென்றால் துணியை எடுத்துவிடலாம். சாரலோ வெயில் அடிக்கும்போதே தூறும். கொடியிலிருந்து எடுத்தால் நிற்கும், போட்டால் தொடங்கும். இவ்விதிக்கு விலக்கு காணப்படவில்லை.

ஆகவே துணி பகலெல்லாம் மொட்டை மாடிக்கும் பட்டாசலுக்கும் நடக்கிறது. இரவில் மின்விசிறிக்கு அடியில், நாற்காலி முதுகுகளில் விரிகிறது. பனியனுக்கு முன்னுரிமை. ஜீன்ஸின் இடுப்புப் பட்டையும் பைகளும் மூன்றாம் நாளும் ஈரவாடை அடிக்கும். 75 வாட் விசிறி 8 மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட். அமெரிக்க வீடுகளின் மின் உலர்த்தி ஒரு நடைக்கே 2, 3 யூனிட் தின்னும். அங்கே பல குடியிருப்புச் சங்கங்கள், அழகு கெடுகிறதென்று, வெளியே கொடி கட்டவே விடுவதில்லை. வெயிலில் துணி காயப்போடும் உரிமைக்காகச் சில மாநிலங்கள் சட்டம் போட வேண்டியதாயிற்று. ஜப்பானில் பல வீடுகளில், குளித்த தொட்டித் தண்ணீரையே இறைத்துச் சலவை இயந்திரத்துக்கு விடுகிறார்கள். நம்மவர் ஒரு படி மேல்: குளிக்கும்போதே துவைத்துவிடுகிறார்.

களம், குற்றாலம் பேரருவி. கட்டிய துண்டோடு கால் மணி நேரம் நின்றவர், துண்டும் வெளுத்ததாகவே கொள்கிறார். கல்லில் அடிப்பதைவிட அருவி பலமாக அடிக்கிறதே, அப்புறம் என்ன என்பது ஆண்கள் கட்சி. முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மறுபடி வாளியில் முக்குவது ஆச்சிமார் கட்சி. ஆய்வுமுறை என்ற அளவில் பின்னதே திடமானது.

ஆனால் சோப்பு இல்லாமல் முடிந்தது என்பதில் முதல் கட்சிக்குத்தான் மதிப்பெண். அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்புக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. அங்கே வழியும் நுரை சிற்றாற்றில் இறங்கி, தென்காசியைக் கடந்து, வழியெல்லாம் வயலுக்குப் பாய்ந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேர்கிறது. ஒருவர் தலைக்குத் தேய்த்தது இன்னொருவர் நெல்லுக்குப் பாய்கிறது.

நுரையாவது கண்ணுக்குத் தெரியும். துவைக்கும்போது உதிரும் பாலியஸ்டர் இழை தெரியாது. நுண்துகளாகவே கடலில் சேரும் நெகிழியில் (முதல்நிலை நுண்நெகிழி) 35 சதவீதம் செயற்கை இழைத் துணிகளைத் துவைப்பதால் வருவதென 2017இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐ.யூ.சி.என்.) மதிப்பிட்டது.

இத்தனை சோதனைகளிலும் தேறியது ஈரிழைத் துண்டு ஒன்றுதான்: பருத்தி, மெலிசு, இரண்டு பிழியில் நீர் போய்விடும், ஓர் உதறலில் பாதி காய்ந்துவிடும். டர்க்கி டவலோ சாரல் சீசன் முடிந்து ஊர் திரும்பும்போதும் பாலித்தீன் பையில் ஈரமாகவே இருக்கும். அடுத்த சீசனுக்கு வருபவர்கள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும். சோப்பையும்தான்.