ஐந்து நிமிட மறியல்

ஐஸ் ஹொக்கி பார்க்கத் தொடங்குகிற எவருக்கும் நான் சொல்கிற புத்தி ஒன்றுதான்: பக்கைத் தேடாதீர்கள். மூன்று அங்குல விட்டம், ஒரு அங்குலத் தடிப்பு உள்ள கறுத்த ரப்பர் வட்டு அது. துள்ளித் தொலைக்கக்கூடாது என்று ஆட்டத்துக்கு முன்பே உறைய வைத்துக் கொண்டுவருவார்கள். கெட்டிக்காரன் ஓங்கி அடித்தால் மணிக்கு 150 கிலோமீற்றருக்கு மேல் பறக்கும். அரங்கில் முன்வரிசைக்காரரே சிலவேளை சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் கோல் விழுந்ததை அறிகிறார்கள். ஸ்காபரோவில் சோபாவில் சாய்ந்திருக்கும் நாம் என்னத்தைக் காணப்போகிறோம்?

பக்கை விட்டுவிட்டு எதைப் பார்ப்பது என்று எனக்குக் காட்டித் தந்தவர் என் மாமனார். யாழ்ப்பாணத்தில் நீதிமன்ற எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். கனடா வந்த முதல் குளிர்காலத்தில், வெளியே கால் வைக்க வழியில்லாமல், சனிக்கிழமை இரவுகளில் பேரனுக்குப் பக்கத்தில் ரி.வி. முன் இருக்கத் தொடங்கினார். "தம்பி, பந்து எங்கை?" என்று கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்தார். பிறகு கொட்டாவி விட்டார். அந்த நேரம் பார்த்து இரண்டு ஆட்டக்காரர் கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒருவன் சட்டையை மற்றவன் பிடித்து, முகத்தில் குத்தத் தொடங்கினார்கள். மாமா நிமிர்ந்து இருந்தார்.

நடுவர்கள் பக்கத்திலேயே நின்றார்கள். விலக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் களைத்து, ஒருவன் கீழே விழும்வரை மரியாதையாகக் காத்திருந்தார்கள். பிறகு இருவரையும் கூட்டிப்போய்க் கண்ணாடி அடைப்புகளுக்குள் தனித்தனியாக இருத்திக் கதவைச் சாத்தினார்கள்.

"எவ்வளவு காலம் மறியல்?" என்றார் மாமா.

"அஞ்சு நிமிசம், அம்மப்பா."

"காயம் விளைவிச்சதுக்கு அஞ்சு நிமிசமோ? பிணை நிக்க ஆள் வாறதுக்கு முன்னம் விட்டுடுவாங்களே!"

அன்று முதல் அவர் ஹொக்கி ரசிகர். பேரன் சட்டம் சொல்லச் சொல்ல, பழைய வழக்கேடு புரட்டுகிற முகத்தோடு கேட்டுக்கொண்டிருப்பார். தடியால் காலை வாரினால் இரண்டு நிமிடம். தடியை உயர்த்தி முகத்தில் படவிட்டாலும் இரண்டு. இரத்தம் வந்துவிட்டால் நான்கு. அதனால் அடி வாங்கியவன் வலியில் துடிப்பதற்கு முன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்க்கிறான். சிவப்பு தெரிந்தால் போதும், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நடுவரிடம் சறுக்கிப் போகிறான். "சான்றுப் பொருள் சமர்ப்பிக்கிறான்" என்பார் மாமா.

ஆள் அடைப்புக்குள் இருக்கும்வரை அவனுடைய அணி ஒருவர் குறைவாக ஆட வேண்டும். இரண்டு நிமிடத் தண்டனையில் எதிரணி அதற்குள் ஒரு கோல் போட்டுவிட்டால் கைதிக்கு உடனே விடுதலை. முன்பெல்லாம் எத்தனை கோல் விழுந்தாலும் முழு நேரமும் இருந்துதான் ஆக வேண்டும். 1955 இல் மொன்றியல் கனேடியன்ஸின் ஜான் பெலிவோ, எதிரணி ஆள் குறைந்து நின்றபோது 44 விநாடியில் மூன்று கோல் போட்டார். அடுத்த ஆண்டு சட்டத்தை மாற்றிவிட்டார்கள். அளவுக்கு மிஞ்சி நன்றாக விளையாடியதற்காக ஒரு சட்டமே திருத்தப்பட்டதில் மாமாவுக்குப் பெரிய திருப்தி இல்லை. அவரைக் கவர்ந்தது வேறொரு பிரிவு. கோல் காக்கிற கோலி தப்புச் செய்தால் கோலி உள்ளே போவதில்லை. அவருக்காக இன்னொரு ஆட்டக்காரன் போய் இருக்க வேண்டும்.

"குற்றம் செய்தவன் வெளியிலை, கூட நிண்டவன் மறியலிலை. இதை எங்கடை ஆக்களிட்டைதான் படிச்சிருப்பாங்கள்."

மற்ற விதிகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், இருபது நிமிடமாக மூன்று பகுதி. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வேலி பாய்ந்து ஆள் மாறுவார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஒரு மூச்சில் ஓட எவனாலும் முடியாது. இடைவேளையில் ஜாம்போனி என்ற வண்டி வந்து பனித்தளத்தை வழித்து மெழுகும். 1949 இல் அதைச் செய்தவர் வெயில் கொளுத்துகிற தென் கலிபோர்னியாவில் இருந்த ஃபிராங்க் ஜாம்போனி. கூட்டம் இமை கொட்டாமல் அதைப் பார்க்கும். ஓரளவு நிதானமாகப் பார்க்கக்கூடியது அது ஒன்றுதான்.

பிள்ளை விளையாட ஆசைப்பட்டால் மட்டும் யோசியுங்கள். பயிற்சிக்கு அரங்கு கிடைப்பது காலை ஆறு மணிக்கு. காரின் பின்னால் ஏறும் உபகரணப் பை மழைக்காலத்துக் கருவாட்டுக் கடையின் மணத்தோடு வரும். ஒரே ஆறுதல் ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பி. அந்தக் கடையை 1964 இல் தொடங்கிய ரிம் ஹோர்ட்டன் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் தடுப்பாளர். 1967 இல் ஸ்டான்லி கிண்ணத்தை வென்ற அணியில் அவரும் இருந்தார். அதற்குப் பிறகு இந்த ஊருக்குக் கிண்ணம் வரவில்லை. கோப்பிக் கடை மட்டும் சந்திக்குச் சந்தி வந்திருக்கிறது.

அந்தக் கிண்ணத்தைப் பற்றியும் மாமாவுக்கு முறைப்பாடு உண்டு. கனடாவின் ஆளுநர் நாயகம் ஸ்டான்லி பிரபு 1892 இல் கொடுத்தது. வென்றவர்கள் பெயரெல்லாம் வெள்ளியில் பொறிக்கப்படும். 1963 இல் லீஃப்ஸ் வென்றபோது 'எஃப்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஈ' விழுந்துவிட்டது. 1972 இல் பொஸ்ரனின் இரண்டு 'ஓ'வும் 'கியூ' ஆகின. 1984 இல் எட்மன்ரன் அணியின் முதலாளி, அணிக்குச் சம்பந்தமே இல்லாத தன் தகப்பனின் பெயரையும் பொறிக்கச் செய்தார். கண்டுபிடித்து, அதன்மேல் வரிசையாக 'எக்ஸ்' அடித்து மூடினார்கள்.

"வெட்டின இடத்திலை சுருக்கொப்பம் வைச்சவங்களோ?"

2020 பெப்ரவரி 22, சனிக்கிழமை. கரோலைனா ஹரிக்கேன்ஸ் ரொறன்ரோவுக்கு வந்திருந்தது. அவர்களுடைய இரண்டு கோலிகளும் அடுத்தடுத்துக் காயப்பட்டார்கள். அப்படி நேர்ந்தால், உள்ளூர்க்காரர் தயாராக வைத்திருக்கும் அவசர கோலியை எந்த அணியும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அன்றைய விதி. வந்தவர் டேவிட் அயர்ஸ்: வயது 42, தாயின் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர், ரொறன்ரோ அரங்கொன்றில் ஜாம்போனி ஓட்டியவர், லீஃப்ஸுக்கே பயிற்சியில் கோலியாக நின்றவர். உடம்பில் கரோலைனா சட்டை, தலையில் லீஃப்ஸின் கிளை அணியான மார்லீஸின் முகமூடி.

முதல் இரண்டு அடியும் கோல். எங்கள் வீட்டில் ஆரவாரம். அடுத்த எட்டு அடியையும் மனிதர் தடுத்துவிட்டார். கரோலைனா 6, ரொறன்ரோ 3. மகன் குஷனை எறிந்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எதிராளிக்கு அப்புக்காத்தும் நாங்களே பிடிச்சுக் குடுத்து, வழக்கிலையும் நாங்களே தோத்தம், என்ன? மேன்முறையீடு இருக்கோ?"

"இல்லை மாமா."

"சரி. அடுத்த வழக்கு எப்ப?"