அண்ணாச்சியின் ஆறடி

சென்னையின் வணிகத் தெருக்களில் விடிந்தும் விடியாததுமாக ஷட்டரை, அதாவது கடைமுகப்பை மூடும் உருட்டுத் தகட்டுக் கதவை, பாதிக்கு உயர்த்திவிட்டுத் தென்னந்துடைப்பமும் கையுமாக வெளிப்படும் மளிகைக் கடை உரிமையாளரை நகரவாசிகள் அண்ணாச்சி என்றே அழைப்பர். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்தவர்களுக்கு மரியாதையாக வழங்கிய அந்த விளி நாளடைவில் ஊர் பாராது தொழிலுக்கே உரியதாகிவிட்டமையால், இங்கு விவரிக்கப்படுபவர் எந்த மாவட்டத்தவராகவும் இருக்கலாம். கடைக்கு முன்னுள்ள நடைபாதை யாருடையது என்ற கேள்விக்கு நாளின் வெவ்வேறு வேளைகளில் வெவ்வேறு விடைகளை அளிப்பதும், அவ்விடைகள் அனைத்தையும் மனப்பூர்வமாக நம்புவதுமே அவரை ஏனைய மாந்தரிடமிருந்து பிரித்துக் காட்டும் இலக்கணமாகும்.

காலையில் நடைபாதை முழுவதும் அவருடையது. அதைப் பெருக்கி, வாளித் தண்ணீரைக் கையால் அள்ளித் தெளித்து, கடைப்பையன் போட்ட கோலத்தைச் சரிபார்த்து, சாம்பிராணிப் புகையை வாசல்வரை கொண்டுவந்து காட்டிய பிறகே அவர் போணிக்கு, அதாவது அன்றைய முதல் விற்பனைக்கு, ஆயத்தமாவார். அழுக்கு வாசலில் திருமகள் கால் வைக்கமாட்டாள் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. பெருக்கப்பட்ட அழுக்கு எங்கே போகவேண்டும் என்பது பற்றி மரபு எதுவும் கூறாததால் அதை அவரே தீர்மானிக்க வேண்டியதாயிற்று. தம் கடைக்கும் அடுத்துள்ள மருந்துக் கடைக்கும் இடையே நிற்கும் தூணிலிருந்து சாலையோரக் கல்வரை ஓடும் ஒரு கோட்டை அவர் கண்டுவைத்திருக்கிறார். நில அளவைத் துறையின் எந்த வரைபடத்திலும் இல்லாத அக்கோட்டைத் துடைப்பம் நாள்தோறும் ஓர் அங்குலம்கூடப் பிசகாமல் சென்றடைகிறது. குப்பை மட்டும் சற்றுத் தாண்டி நிற்கிறது. மருந்துக் கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும் என்பதை இவ்விடத்தில் குறிப்பிட்டாக வேண்டும்.

திறந்ததும் அக்கடையின் பணியாள் அதே குவியலை அதே கோட்டுக்கு இப்பால் அனுப்புகிறார். “என்ன அண்ணாச்சி, உங்க வெங்காயச் சருகு எங்க வாசல்ல கிடக்கு?” என்று மருந்துக் கடைக்காரர் கேட்டால், “காத்துதான் சார் தள்ளிட்டுப் போயிருக்கும், நான் என்ன செய்ய?” என்ற விடை தயாராக இருக்கும். பத்து மணிக்குமேல் வீசும் காற்றைச் சுட்டி அவரும் அதே விடையைத் திருப்பித் தருவதால், இவ்விருவருக்கும் இடையிலான உறவு பல்லாண்டுகளாகக் குலையாமல் நீடிக்கிறது.

நியூயார்க் நகரில் கட்டட உரிமையாளர் தம் முன்னுள்ள நடைபாதையையும், அதன் விளிம்பிலிருந்து சாலைக்குள் 18 அங்குலம் வரையிலும் தூய்மையாக வைத்திருக்கவேண்டும் என விதி உண்டு. இதை அண்ணாச்சியிடம் எவரேனும் சொன்னால் அவர் நம்பப்போவதில்லை, ஏனெனில் குப்பையைத் தள்ளுவதற்கென்றே அமைந்த சாலையையும் பெருக்கச் சொல்லும் அரசு உலகில் இருக்கக்கூடும் என்பது அவருடைய அனுபவத்துக்கு அப்பாற்பட்டது. தெருவிலோ வடிகாலிலோ கழிவை எறியலாகாது என 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இங்கும் கூறத்தான் செய்தன. ஆனால் அவர் எதையும் எறிபவர் அல்லர், பெருக்குபவர்.

முற்பகலில் நடைபாதையின் இயல்பு மாறி, அது கடையின் நீட்சியாகிறது. நடைபாதையில் தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஆறடி, அகலம் வேண்டுமென இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்னும் பொறியாளர் அமைப்பு 2012ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளில் வரையறுத்துள்ளது. அண்ணாச்சியின் ஆறடியில் இரண்டடியைக் கடைக்கு ஏறும் சிமெண்டுச் சரிவும், அடுத்த இரண்டடியை அரிசி மூட்டைகளும் 20 லிட்டர் தண்ணீர் கேன்களும் எடுத்துக்கொள்ள, எஞ்சியதில் அவருடைய ஸ்கூட்டர் நிற்கிறது. விற்பனைக்கு வைத்த துடைப்பக் கட்டுகளுக்கும் மூட்டைகளின்மேல்தான் இடம். பாதசாரி சாலையில் இறங்கி நடக்கிறார். நடப்பதற்குச் சாலை இருக்கையில் அதில் குறைகாண என்ன உண்டு என்பதே அண்ணாச்சியின் நிலை. வேறொருவர் வண்டியை அங்கே நிறுத்த முயன்றால் மட்டும், மீறினால் காற்று பிடுங்கப்படும் என்ற பலகையை அவர் மௌனமாகச் சுட்டுவார்.

பிற்பகலில் குப்பை சேரத் தொடங்கியதும் நடைபாதை மாநகராட்சிக்குச் சொந்தமாகிவிடுகிறது. எதிரிலுள்ள தேநீர்க் கடையில் குடித்தவர்கள் போட்டுப்போகும் காகிதக் குவளைகள் அவர் வாசலில்தான் வந்து ஒதுங்குகின்றன. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடைசெய்யப்பட்ட 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்களுள் பிளாஸ்டிக் பூச்சுள்ள தேநீர்க் குவளையும் அடங்கும் என்பதை அண்ணாச்சி நன்கறிவார், வருவோரிடம் கோபத்துடன் எடுத்தும் சொல்வார். அதே பட்டியலில் பிளாஸ்டிக் கைப்பையும் உண்டு என்பது மட்டும், கல்லாவுக்கு அடியில் கையைவிட்டு ஒன்றை உருவும் கணத்தில் அவர் நினைவுக்கு வருவதில்லை.

குவளைகளின் இறுதிப் புகலிடம் மழைநீர் வடிகாலின் திறப்பாகும். எவரும் பாராத வேளையில் துடைப்பத்தின் இரண்டு வீச்சில் அவை உள்ளே போய்விடுவதால், பத்து மாத காலம் வாசல் பளிச்சென்று இருக்கிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் வடிகால் தான் வாங்கியவற்றையெல்லாம் கடைப்படிவரை கொண்டுவந்து சேர்க்க, அண்ணாச்சி வேட்டியை மடித்துக்கட்டி முட்டளவு நீரில் நின்று, மாநகராட்சியின் மெத்தனத்தைக் கைப்பேசியில் படம் பிடிக்கிறார். தூர்வாருவது மாநகராட்சியின் கடமை என்பதால் அவருடைய சினத்தில் பாதி நியாயமானதே. மறுபாதியை, தூர்வார வந்த தூய்மைப் பணியாளரான அம்மையார், “எல்லாம் உங்க கடைச் சரக்காவே வருதே அண்ணாச்சி” என்று சிரிக்காமல் சொல்லி எடுத்துவிடுகிறார்.

இத்தகையோரின் இயல்பு முழுவதும் விளங்குவது ஆயுத பூசையன்றுதான். திருஷ்டி கழிப்பதற்காக, அதாவது பிறர் கண்ணேறு நீங்கும்பொருட்டு, வெண்பூசணிக்காயைத் துளையிட்டுக் குங்குமமும் சில்லறைக் காசும் இட்டு, மேலே கற்பூரம் ஏற்றிக் கடையைச் சுற்றிக் காட்டி உடைப்பது வழக்கம். இருசக்கர வாகனங்கள் வழுக்கி விழுவதால் சாலையில் உடைக்கவேண்டாமெனக் காவல்துறை வேண்டிக்கொள்வது போலவே, சாலையில் உடைப்பதும் ஆண்டுதோறும் நடக்கிறது. அண்ணாச்சியின் காயும் மருந்துக் கடைக்காரரின் காயும் சில நிமிட இடைவெளியில் ஒரே இடத்தில் சிதற, எது எவருடையது என்பதில் தகராறு எழுகிறது. காசு ஒட்டியிருக்கும் துண்டுகள் தம்முடையவை, மற்றவை மருந்துக் கடையுடையவை என்று அண்ணாச்சி தீர்ப்பளிக்கிறார். தெருச் சிறுவர்கள் காசுகளை அதற்குள் பொறுக்கிச் சென்றுவிட்டபடியால், தாம் பெருக்கவேண்டியது ஒன்றும் இல்லை என்ற முடிவுடன் பொரி கலக்கக் கடைக்குள் செல்கிறார்.