முன்னேற்பாட்டுக்காரர்

சிங்கப்பூரின் மேற்கே ஜூரோங் ஏரித் தோட்டத்தில் தொடங்கி வடகிழக்கே கோனித் தீவுப் பூங்காவில் முடியும் 36 கிலோமீட்டர் நடைபாதை 2019ஆம் ஆண்டு திறக்கப்பட்டதிலிருந்து, வார இறுதிகளில் அங்கே ஒரு தனி ரக மனிதரைத் தவறாமல் காணலாம். முன்னேற்பாட்டுக்காரர் என்று அழைக்கத்தக்க இவர், பூங்காக்களையும் அவற்றை இணைக்கும் நிழற்பாதைகளையும் கோத்து அமைத்த அவ்வழி எம்ஆர்டி நிலையத்தையும் காப்பிக்கடையையும் விட்டு வெகுதூரம் விலகுவதில்லை என்பதை அறிந்தும், இமயத்துக்குப் புறப்படுபவர் போலவே ஆயத்தமாகிறார். மடக்கும் ஊன்றுகோல் இரண்டு, அட்டை ஏறாத காலுறை, நெற்றி விளக்கு, ஆபத்தில் ஊதுவதற்கு ஓர் ஊதல் ஆகியவை முதுகில் ஏறுகின்றன. தீவின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டரைத் தாண்டாதது என்பதும், அதன் உச்சி வரை தார்ச்சாலை உண்டு என்பதும் அவருடைய உற்சாகத்தைச் சிறிதும் குறைப்பதில்லை.

வனவிலங்கு பற்றிய அவருடைய சொற்பொழிவு முதல் கிலோமீட்டரிலேயே தொடங்கிவிடும். புதரைக் கண்டால் நின்று, கோலால் தட்டி, மலைப்பாம்பு இருக்கலாம் என்று உடன் வருவோரை எச்சரிப்பார். எலி கிடைக்கும் இடமே அப்பாம்புக்கு வசதி என்பதால், அது அவர் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழே ஓடும் வடிகாலில் சுகமாக இருக்கக்கூடும் என்பது அவர் கணக்கில் வருவதில்லை.

உண்மையான சந்திப்பு மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தின் அருகே நிகழ்கிறது. நீண்டவால் குரங்கு என்பது தன் உடலைக் காட்டிலும் நீண்ட வாலுடைய, மனிதர் உணவளித்துப் பழக்கியதால் பிளாஸ்டிக் பையைக் கண்டாலே அதனுள் தின்பண்டம் உண்டென முடிவுசெய்யும் விலங்காகும். ஒன்பது அறைகளும் பதினொரு பற்பிணைப்புகளும் கொண்ட முதுகுப்பையை அது திரும்பியும் பார்க்காமல், கடைசி நேரத்தில் வாங்கி அவர் விரலில் மாட்டியிருந்த ரொட்டிப் பையை மட்டும் உருவிக்கொண்டு மரமேறுகிறது. ஊதலோ நான்காவது அறையில் இருக்கிறது. காலை நடைக்கு வந்த மூதாட்டி ஒருவர் நிற்காமலே, "கையில பை தொங்கினா அதுக்குத் தெரிஞ்சிடும் தம்பி, உள்ள வச்சிருக்கணும்" என்று சொல்லிப் போகிறார். முன்னேற்பாட்டுக்காரரின் கவலை வேறு: வனவிலங்குக்கு உணவளித்தால் முதல் குற்றத்துக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம் என்ற சட்டம் நினைவுக்கு வர, ரொட்டி கொடுக்கப்படவில்லை, பறிக்கப்பட்டது என்று உடன் வந்தோர் அனைவரையும் சாட்சியாக்கிய பிறகே மேலே நடக்கிறார்.

பிஷான்–அங் மோ கியோ பூங்காவில் அவருடைய அறிவு மேலும் சோதிக்கப்படுகிறது. 1970களில் தீவை விட்டு மறைந்து 1998இல் மீண்டும் காணப்பட்ட நீர்நாய்கள், கான்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆறு 2012இல் வளைந்தோடும் ஆறாக மாற்றியமைக்கப்பட்ட இந்தப் பூங்காவில் குடும்பமாக வாழ்ந்து புகழ் பெற்றவை. அரிய உயிரினம், அசையாதீர்கள் என்று அவர் கைகாட்டும் வேளையில், முழநீளக் கேமராக்களுடன் ஏற்கெனவே கரையில் நிற்கும் கூட்டம், எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தை எந்தக் கால்வாயிலிருந்து விரட்டியது என்பதைச் சம்பந்தி வீட்டுச் சண்டையைப் பேசும் உரிமையுடன் அலசிக்கொண்டிருக்கிறது. நீர்நாய்களும் நடைபாதையைக் குறுக்கே கடந்து, அவருடைய விலையுயர்ந்த காலணியின் மேல் நீரை உதறிவிட்டுப் போகின்றன.

கால் கொப்புளித்ததால் பாதி வழியிலேயே ரயிலேறிப் பொங்கோலில் இறங்கும் அவர், அன்றிரவு வாட்ஸ்அப் குழுவில் முழுத் தூரத்தையும் பதிவிடுகிறார். ரயில் ஓட்டத்தையும் நடையாகக் கருதிய கைக்கடிகாரம், இடையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தைக் காட்டியிருப்பதை ஒருவர் சுட்டிக்காட்டும்போதும் அவர் கலங்குவதில்லை. பொங்கோலில் காட்டுப்பன்றி நடமாட்டம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்ததே என்று மட்டும் பதில் எழுதுகிறார்.