அக்கினி மூலை ஆலோசகர்

வீட்டுக்கு வந்தால் நம் முகத்தைப் பார்க்க மாட்டார். வாசலில் நின்று அண்ணாந்து மொட்டைமாடியைப் பார்ப்பார். "இன்னும் இதுதானா சார்?" டிஷ் இருந்தாலும் அதே கேள்வி, கேபிள் ஒயர் தொங்கினாலும் அதே கேள்வி.

தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் ஜெனரல் ஷிப்ட் முடிந்ததும் இவருடைய இரண்டாவது ஷிப்ட் தொடங்கும்: டிவி இணைப்பு ஆலோசனை. கம்பெனி பெயரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், வேண்டாம். வெளியூரிலிருந்து புதிதாகக் குடிவருகிறவர்கள் என்றால் அவருக்கு உயிர். அங்கே பால் பொங்குவதற்குள் இவர் பேச்சு பொங்கிவிடும்.

சன் டைரக்ட், தூர்தர்ஷனின் இலவச டிஷ் இரண்டுக்கும் சாட்டிலைட் 93.5 டிகிரி கிழக்கில். நம் ஊருக்கு அது தென்கிழக்கு. "அக்கினி மூலை சார். அடுப்பும் அங்கதான், சாட்டிலைட்டும் அங்கதான்." அது வாஸ்துவா விஞ்ஞானமா என்று நாம் யோசிப்பதற்குள் ஐப்பசி மழைக்குத் தாவிவிடுவார். கேயூ பேண்ட் அலையை மழை தின்றுவிடும், கதாநாயகி கட்டம் கட்டமாக உடைவாள், ஆகவே கேபிள். கேபிளை கன்டெய்னர் லாரி அறுத்துக்கொண்டு போகும், ஆகவே ஆன்டெனா. 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிய காலத்து ஆன்டெனாதான் ஆன்டெனா. ஆனால் பழைய அனலாக் கோபுரங்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் 2022-க்குள் நிறுத்திவிட்டார்கள், ஆகவே டிஷ்.

இதையாவது பொறுக்கலாம். கணக்குப் போட உட்கார்ந்தால்தான் ஆபத்து. நேராகப் போய் தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழிப்பார். அவசரத்தில் நாளைய தாளும் சேர்ந்து வந்துவிடும். நல்ல நேரம், ராகுகாலம் எல்லாம் அவர் சட்டைப் பைக்குள். பின்பக்கத்தில் கணக்கு. 2019-இல் எழுதியது இப்படி: தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் அந்த ஆண்டு நடைமுறைப்படுத்திய விதி, நூறு சேனலுக்கு 130 ரூபாய், 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 153 ரூபாய் 40 காசு. "இது கேட்டுக்குள்ள வர்ற காசுதான் சார். இனிமேதான் படம்." பிறகு குடும்ப விசாரணை. அம்மாவுக்கு என்ன சீரியல்? பையனுக்கு எந்தக் கார்ட்டூன்? "ஆந்திரா பக்கத்துலயே இருக்கு, தெலுங்கு ஒண்ணு சேத்துக்கலாமா?" கூட்டல் எகிறியதும் முதலில் அடிபடுவது அம்மாவின் சீரியல். அம்மா அடுப்படிக்குள் போய் டம்ளரை நங்கென்று வைப்பார். டீ வரும். இவர் குடித்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று எழுந்துவிடுவார். அந்த வீட்டில் அன்று இரவு யாரும் யாரோடும் பேசுவதில்லை.

அடுத்த ஆண்டே அதே 130-க்கு 200 சேனல் என்று விதியை மாற்றினார்கள். அன்று எத்தனை வீட்டில் காலண்டர் இளைத்ததோ.

ஆனாலும் அவரைத் திட்டி என்ன பயன்? 2011-இல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு 90 சேனல் தந்தபோது இவருக்குத் தாளே தேவைப்படவில்லை. 2019-இல்தான், பார்க்கிற சேனலுக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டு, ஒரு கட்டண சேனலைக்கூடப் பார்க்கும் முன்பே 153 ரூபாயை வாங்கினார்கள். அதற்கு மேல் ஒரே சேனலுக்கு 19 ரூபாய் வரை. மாதச் சம்பளக்காரன் வீட்டில் அம்மாவின் சீரியலா, மகனின் கிரிக்கெட்டா என்று ஓட்டெடுப்பு நடத்த வைத்தது இவர் இல்லை. பக்கம் பக்கமான விதியைப் படித்துச் சொல்ல நமக்கு வேறு ஆளும் கிடைக்கவில்லை.

ஊருக்குப் புதிதாக வருகிறவர்களே, எந்த இணைப்பு வேண்டுமானாலும் வாங்குங்கள். காலண்டரை மட்டும் உள்ளறையில் மாட்டுங்கள்.