அரசாணி விதையும் அடுக்குமாடி மாப்பிள்ளையும்

வாங்க மாப்பிள்ளை, உக்காருங். பெங்களூருல இருந்து ஏதோ பச்சை விதை பொட்டலம் பொட்டலமா கொண்டாந்திருக்கறீங்கன்னு பேத்தி சொல்லுச்சு. ஒடம்புக்கு நல்லதாமா. சந்தோசமுங். நேத்துப் பொரியலுக்கு அரசாணிக்காய், அதானுங் பரங்கிக்காய், அறுத்தப்ப, கொடலை வழிச்சு நீங்களே உங்க கையால குப்பையில போட்டீங்களே, அதுக்குள்ள இருந்ததும் அதே சாமானுங்க. என்ன, அதுக்குப் பொட்டலம் இல்லை. பொட்டலம் இல்லாத சத்து ஒடம்புல ஒட்டாதுன்னு ஆபீஸ்ல சொல்லிக் குடுத்திருப்பாங்க.

"நம்ம முன்னோர் கண்ட ரகசியம்"னு செல்போன்ல ஒருத்தர் கத்தறதும் காதுல விழுந்துச்சுங். முன்னோர் பாவமுங். இந்தக் கொடியே அமெரிக்கக் கண்டத்துல இருந்து கப்பலேறி வந்தது. அதுக்கு முன்னாடி எங்க பாட்டனுக்குப் பாட்டன் இதைக் கனவுல கூடக் கண்டிருக்க மாட்டாரு. ரகசியம் மெக்சிகோக்காரங்களுது. அவங்க விதையை வறுத்தரைச்சுக் குழம்பே வெக்கறாங்க. பாகுல போட்டு மிட்டாயும் தட்டறாங்க.

சரி, ஊட்டுல செய்யோணும்னா சொல்றனுங், செய்யறதும் செய்யாததும் உங்க பிரியம். நல்லா முத்துன காயா பாத்து வாங்குங். காய் கசந்தா விதையோட சேத்துத் தூக்கிப் போட்டுருங். அப்பப் போடறது தப்பில்லை. விதையைத் தண்ணிப் போசியில போட்டுப் பிசைஞ்சா நார் விட்டுப் போகும், விதை மெதக்கும். அதை உப்புத் தண்ணியில ஒரு 10 நிமிசம் கொதிக்க வெச்சு வடிச்சுருங். அப்பத்தான் உப்பு உள்ள ஏறும். பொறவு மொறத்துல பரப்பி நல்ல வெயில்ல காய வைங்க. நியூஸ் பேப்பர்ல காய வெக்காதீங், ஒட்டிக்கும். அப்பறம் நாட்டு நடப்பையும் சேத்து வறுக்கோணும்.

வடச்சட்டியில எண்ணெய் ஊத்தாம சின்னத் தீயில வறுங்க. படபடன்னு வெடிச்சு, செவந்து வாசம் வந்ததும் அடுப்பை அணைச்சுட்டு, சித்தக் கடலெண்ணெய், பெருங்காயம், மிளகாத்தூள் போட்டுப் பெரட்டுங். மிளகாத்தூளை அவசரப்பட்டு முன்னாடியே போட்டீங்கன்னா அது கருகி அடுக்குமாடி பூராவும் இருமும். அசோசியேசன்ல கூப்பிட்டு விசாரிப்பாங்க. ஆறுனதும் டப்பாவுல இறுக்கி மூடி வைங்க. எண்ணெய்ச் சத்து விதை, காத்துப் பட்டா காறல் வாசம் அடிக்கும்.

"இது வெள்ளையா இருக்குதே, பொட்டலத்துல பச்சையா இருந்துச்சே"ன்னு வெசனப்படாதீங். தோலை உரிச்சா உள்ள பச்சைதான். ஆஸ்திரியாவுல ஸ்டைரியாங்கற சீமையில, கெட்டித் தோலே இல்லாத விதை காய்க்கற ரகம் ஒண்ணு இருக்குது. உங்களாட்டம் சொகுசுக்காரருக்குன்னே பொறந்தது போல.

ஆனா என் கணக்குல தோல்தானுங் மருந்து. 100 கிராம் பருப்புல 30 கிராம் கிட்டப் புரதம் இருக்குது, மெக்னீசியமும் துத்தநாகமும் இருக்குது, எல்லாம் வாஸ்தவம். கூடவே பாதிக்குப் பாதி கொழுப்பு, 550 கலோரிக்கு மேல. நீங்க உரிச்ச பருப்பை அள்ளி அள்ளி வாயில கொட்டிக்கிட்டு, அப்பறம் கைக்கடியாரத்துல கலோரி எண்ணறீங்க. தோலோட வறுத்ததைத் தின்னு பாருங். ஒண்ணொண்ணா நுனிப் பல்லுல கடிச்சு, ஒடைச்சு, துப்பி... ஒரு பிடி முடியறதுக்குள்ள தாடை ஓஞ்சு போகும். காசில்லாத கட்டுப்பாடு. போன தடவை தேன், பேரீச்சை, சாக்லேட்டெல்லாம் போட்டு "ஹெல்தி" உருண்டைன்னு ஒண்ணு குடுத்தீங்களே, அதுல விதையை நான் தேடித்தான் எடுத்தனுங்.

கொதிக்க வெக்கறதுக்கு முன்னாடி நாலு விதையை மட்டும் தனியா காய வெச்சு எடுத்து வைங்க. மாடியில பெரிய தொட்டியா பாத்து நட்டீங்கன்னா கொடி நிக்காது, பக்கத்து ஊட்டு பால்கனிக்குத்தான் ஓடும். அங்க காய் புடிச்சா சண்டைக்குப் போகாதீங். காயை அவங்களுக்கே விட்டுக் குடுத்துட்டு, விதையை மட்டும் கேட்டு வாங்கிக்குங். பெரிய மனசுக்காரர்னு பேரும் கெடைக்கும்.