சித்தப்பாவுக்குப் போன சொத்து

கம்பர்லாந்து பிரபு ஜார்ஜ் கிளிஃபோர்டின் தொப்பியில் ஒரு கையுறை இருக்கும். வைரம் பதித்தது. கொடுத்தவர் எலிசபெத் மகாராணி. அதைச் செருகிக்கொண்டு ஓவியர் ஹில்லியர்டிடம் போஸ் வேறு கொடுத்திருக்கிறார். (மனைவி மார்கரெட் அந்தப் படத்தை எந்த முகத்தோடு பார்த்தாரோ!) மனுஷனுக்குத் தொழில், லைசென்ஸ் வாங்கிய கடற்கொள்ளை. 1598-ல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானையே பிடித்தார். இத்தனை கொள்ளையடித்தும் 1605-ல் சாகும்போது கையில் மிஞ்சியது கடன்.

கடனோடு ஓர் உயிலும் இருந்தது. வட இங்கிலாந்தில் கோட்டை கோட்டையாகக் கிடந்த சொத்தெல்லாம் தம்பி ஃபிரான்சிஸுக்கு. உயிரோடிருந்த ஒரே பிள்ளை, 15 வயது ஆன் கிளிஃபோர்டுக்கு 15,000 பவுண்ட் ரொக்கம். போய் வா மகளே! ஆனால் இரண்டாம் எட்வர்ட் காலத்துப் பத்திரமோ, ஆணோ பெண்ணோ, நேர் வாரிசுக்கே சொத்து என்றது. மார்கரெட் அம்மாள் பழைய தஸ்தாவேஜுகளைத் தோண்டியெடுத்து கேஸ் போட்டார்.

1609-ல் ஆனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை டார்செட் பிரபு, நோல் மாளிகைக்காரர். சேவல் சண்டை, சூதாட்டம், ஜிகுஜிகு உடை என்று சகல கலைகளிலும் தேர்ந்தவர். மாமனார் சொத்து எங்கோ வடக்கே மலையும் மாடுமாகக் கிடந்து அவருக்கு என்ன லாபம்? "விட்டுக்கொடுத்துப் பணத்தை வாங்கு" என்று நச்சரித்தார். கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பே வந்து உபதேசம் செய்தார். இரண்டு வயதுகூட நிரம்பாத மகளைத் தாயிடமிருந்து பிரித்துப் பார்த்தார் புருஷன். ஆன் அழுதார். கையெழுத்து மட்டும் போடவில்லை.

கடைசியில் 1617-ல் ஜேம்ஸ் மன்னரே பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தார். அதற்கு முன் மகாராணி ஆனிடம் கொடுத்த அட்வைஸ்: ராஜாவை முழுசாக நம்பிவிடாதே, ஏமாற்றிவிடுவார். சொன்னது ராஜாவின் சொந்தப் பெண்டாட்டி! தீர்ப்பும் அப்படியே வந்தது. நிலம் சித்தப்பாவுக்கு, பணம் புருஷனுக்கு. ஆன் அப்போதும் கையெழுத்துப் போடவில்லை. பணம் எங்கே போயிருக்கும் என்பதைச் சேவல்களைத்தான் கேட்க வேண்டும்.

இதெல்லாம் நமக்குத் தெரிவது ஆன் எழுதிய டைரியால். 1923-ல் அதைப் பதிப்பித்தவர் அதே நோல் மாளிகையில் பிறந்த எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட். ஐந்து வருடத்தில் அவருடைய அப்பா காலமானார். பெண் என்பதால் மாளிகை வீட்டாவுக்கு இல்லை. யாருக்குப் போனது? சித்தப்பாவுக்கு!

ஆன் பக்கம் வருவோம். அவருடைய ஆயுதம் ஆரோக்கியம். 1624-ல் டார்செட் காலி. 1630-ல் பெம்ப்ரோக் பிரபுவைக் கட்டிக்கொண்டார். முன்னவர் ஊதாரி, இவர் முன்கோபி. 1641-ல் சித்தப்பா போனார். 1643-ல் அவர் மகனும் ஆண் வாரிசு இல்லாமல் போய்ச் சேர்ந்தார். ஜேம்ஸ் ராஜாவின் தீர்ப்பை எமதர்மராஜா அப்பீலில் மாற்றிவிட்டார்.

உள்நாட்டுப் போர் நடந்ததால் உடனே போய் அனுபவிக்க முடியவில்லை. அதனாலென்ன, 1646-ல் ராட்சத சைஸில் ஒரு குடும்பப் படம் வரையச் சொன்னார். இடப்பக்கம் 15 வயது ஆன், வலப்பக்கம் 56 வயது ஆன், நடுவே அப்பா, அம்மா, சின்ன வயதிலேயே இறந்துபோன சகோதரர்கள். கணவர்கள் இருவரும்? பின்சுவரில் சின்ன ஃபிரேமுக்குள் தொங்குகிறார்கள். இத்தனைக்கும் இரண்டாமவர் அப்போது உயிரோடுதான் இருந்தார்.

1649-ல், 59 வயதில், வடக்கே கிளம்பினார். ஸ்கிப்டன், ஆப்பிள்பி, பிரௌம், பிரஃப், பெண்ட்ராகன் என்று இடிந்த கோட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்தினார். செய்தது பெரிய காரியம், மறுக்கவே முடியாது. ஆனால் அம்மையார் பதித்த கல்வெட்டுகளைப் பார்த்தால், நம்மூர் பஸ் ஸ்டாப் நிழற்குடையில் எம்எல்ஏ பெயர் எழுதியிருப்பது அடக்கமாகத் தெரியும். பெம்ப்ரோக் சீமாட்டி, டார்செட் சீமாட்டி, மான்ட்கோமரி சீமாட்டி, வெஸ்ட்மோர்லாந்தின் பரம்பரை ஷெரிஃப்... படித்து முடிப்பதற்குள் மழை வந்துவிடும், இங்கிலாந்து அல்லவா!

கேஸ் போடும் சுகமும் கடைசிவரை விடவில்லை. குத்தகைக்காரர் ஒருவர், பணக்காரத் துணி வியாபாரி, வருஷத்துக்கு ஒரு கோழி தரவேண்டிய பாக்கி. தர மறுத்தார். அந்த ஒற்றைக் கோழிக்காக ஆன் 200 பவுண்ட் செலவழித்து கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார் என்பது அந்தப் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லும் கதை. ஜெயித்த கையோடு வியாபாரியை விருந்துக்கும் கூப்பிட்டாராம். மேசையில் மூடியிருந்த பாத்திரத்தைத் திறந்தால், உள்ளே கோழி.